ஜப்பான் கண்ணாடியா, சீனக் கண்ணாடியா: நெல்லை வானத்துக்கு எந்த டெலஸ்கோப்?

6 ஜனவரி 2025, வள்ளியூர் வாசகரின் கேள்வி

"அண்ணாச்சி, பையன் எட்டாம் வகுப்பு படிக்கான். டெலஸ்கோப் வாங்கித் தாங்கன்னு நச்சரிக்கான். கடைக்காரர் 6 அங்குல டாப்சோனியனைக் காட்டுதாரு. மச்சான் துபாயில இருந்து 80 மி.மீ. ஈடி ரிஃப்ராக்டர் கொண்டு வாரேங்கான். ஆபீஸ்ல ஒருத்தர் 127 மாக்சுடோவ்தான் வாங்கணும்னு அடிச்சுச் சொல்லுதாரு. ஜப்பான் லென்ஸ்தான் லென்ஸ், சீனக் கண்ணாடி எல்லாம் தண்டம்னு கேள்விப்பட்டேன். நெசந்தானா?"

7 ஜனவரி

பாதி நிஜம். முதலில் மூன்றும் என்னவென்று சொல்லிவிடுகிறேன்: டாப்சோனியன் என்றால் பலகைப் பெட்டியில் நிற்கும் ஆடி டெலஸ்கோப், ஈடி ரிஃப்ராக்டர் என்றால் நிறம் அதிகம் சிதறாத லென்ஸ் டெலஸ்கோப், மாக்சுடோவ் என்றால் முன்னால் கண்ணாடியும் உள்ளே ஆடியும் உள்ள குட்டைக் குழாய். ஜப்பான் கம்பெனியான தகாஹாஷியின் ஃபுளோரைட் லென்ஸில் நிலாவின் விளிம்பைப் பார்த்தவர்கள் அதற்குப் பிறகு வேறு எதையும் லேசில் பாராட்ட மாட்டார்கள். ஆனால் அந்தக் காசுக்கு இங்கே ஒரு பழைய கார் வாங்கலாம். பையனுக்கு அது வேண்டாம்.

"சீனக் கண்ணாடி" என்ற பேச்சே குழப்பம். சீனாவில் பூட்டி வரும் நல்ல ஈடி ரிஃப்ராக்டர்கள் பலவற்றில் உள்ளே இருப்பது ஜப்பானின் ஓஹாரா கம்பெனி உருக்கிய எஃப்.பி.எல். 53 என்ற ரகக் கண்ணாடி. கொஞ்சம் விலை குறைந்ததில் எஃப்.பி.எல். 51, அல்லது அதற்கு இணையான சீனத்து எஃப்.கே. 61. நிறத்தைச் சிதறவிடாத குணத்தை ஆபே எண்ணால் சொல்வார்கள். சாதாரண பி.கே. 7 கண்ணாடிக்கு 64, எஃப்.பி.எல். 51க்கு 81, எஃப்.பி.எல். 53க்கு 95. ஃபுளோரைட்டும் 95தான். ஆக, கண்ணாடி எந்த ஊர் என்று கேட்பதைவிட அதை யார் எவ்வளவு பொறுமையாகத் தேய்த்தார்கள் என்று கேட்பதே சரி. அதை டப்பாவில் அச்சடிக்க மாட்டார்கள்.

அடுத்து துளை அளவு, அதாவது வெளிச்சம் நுழையும் முன்வாயின் விட்டம். 80 மி.மீ.யைவிட 150 மி.மீ. மூன்றரை மடங்கு வெளிச்சம் வாங்கும். நெருக்கமான இரட்டை நட்சத்திரங்களைப் பிரிக்கும் எல்லைக்கு டாவ்ஸ் கணக்கு இருக்கிறது: 116ஐ மி.மீ. துளையால் வகுக்க வேண்டும். 80க்கு 1.45 விகலை (ஒரு டிகிரியில் 3600இல் ஒரு பங்குதான் விகலை), 127க்கு 0.91, 150க்கு 0.77. மச்சான் கொண்டு வரும் லென்ஸ் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் இந்தக் கணக்கைத் தாண்டாது.

என் ஓட்டு 6 அங்குல டாப்சோனியனுக்கு.

8 ஜனவரி

தென்காசியிலிருந்து ஒருவர்: "ஆன்லைனில் 127 மி.மீ., 1000 மி.மீ. குவியம், ஈக்குவடோரியல் மவுண்டோடு பாதி விலைக்குக் கிடைக்கிறதே?"

குழாயின் நீளத்தைப் பாருங்கள். குவியம் என்பது ஆடியிலிருந்து படம் கூடும் இடம் வரை உள்ள தூரம். 1000 மி.மீ. குவியம் உள்ள நியூட்டோனியன் (டாப்சோனியனில் இருப்பது போன்ற ஆடிக் குழாய்) என்றால் குழாயும் ஏறக்குறைய ஒரு மீட்டர் வர வேண்டும். அரை மீட்டர்தான் இருக்கிறது என்றால் உள்ளே வளைவு அதிகமான கோள ஆடி ஒன்றும், போகஸருக்குள் (கண் வைக்கும் லென்ஸான ஐபீஸைப் பிடிக்கும் குழாய்) ஒரு லென்ஸும் ஒளிந்திருக்கின்றன. கொள்கையளவில் அந்த லென்ஸ் கோள ஆடியின் பிழையைத் திருத்த வேண்டும். மலிவாகச் செய்யும்போது திருத்துவதில்லை, கொலிமேஷனும், அதாவது ஆடிகளை ஒரே நேர்கோட்டில் நிறுத்துவதும், சரியாக வராது. டப்பாவில் 500 மடங்கு உருப்பெருக்கம் என்று போட்டிருப்பார்கள். அல்வாவுக்குப் பேர் போன ஊர்க்காரனுக்கே அல்வா கொடுக்கிற வேலை இது.

12 ஜனவரி

பொங்கல் வேலைக்கு நடுவே எழுதுகிறேன், நீளும்.

"கோள ஆடி என்றாலே மோசமா?" என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். இல்லை. 114 மி.மீ. துளை, 900 மி.மீ. குவியம் என்றால் கோளமே போதும். பிழை ஒளியலையில் கால் பங்குக்குள் அடங்கிவிடும், ராலே சொன்ன எல்லை அதுதான். அதே 114ஐ 500 மி.மீ. குவியத்தில் கோளமாக விட்டால் வியாழன் எந்தக் காலத்திலும் கூர்மையாகாது. கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், குட்டையாக இருப்பதுதான் பார்க்க அழகாக இருக்கும்.

நான் 6 அங்குல ஆடி ஒன்றைக் கையால் தேய்த்தவன், அதனால் இந்தப் பேச்சு வந்தால் நிறுத்தத் தெரியாது. 1200 மி.மீ. குவியத்துக்கு நடுவில் குழி 1.2 மி.மீ.தான். ஈரத்தில் 80ஆம் நம்பர் கார்போரண்டம் பொடி போட்டுத் தேய்த்தால் அந்தக் குழி சீக்கிரமே வந்துவிடும், தெருவே எழுந்துவிடும் சத்தத்தோடு. பிறகு பொடி மெலிய மெலியச் சத்தம் குறைந்து, கடைசியில் பிட்ச் (கீல் மாதிரியான பிசின்) மேல் மெருகேற்றும் சீரியம் ஆக்சைடு. கோளத்துக்கும், ஒளியை ஒரே புள்ளியில் சேர்க்கும் பரவளையத்துக்கும் விளிம்பில் உள்ள வித்தியாசம் 0.3 மைக்ரான்கூட இல்லை. அந்தக் கடைசித் துளிக்காகத்தான் மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பது. அதே குவியத்தில் 8 அங்குலம் என்றால் வித்தியாசம் 0.9 மைக்ரானுக்குப் போய்விடும். பெரிய ஆடிக்கு விலை ஏன் அப்படி ஏறுகிறது என்பதற்குப் பாதி பதில் இது.

அளப்பதற்கு ஒரு எல்.இ.டி., ஒரு சவர பிளேடு. பிரெஞ்சு அறிவியலாளர் ஃபூக்கோ 1858-59 வாக்கில் கண்டுபிடித்த சோதனை. ஆடியின் மேல் கட்டைவிரலைச் சில நொடி அழுத்தி எடுத்துவிட்டு பிளேடு வழியாகப் பார்த்தால், விரல் பட்ட இடம் முகப்பரு மாதிரி புடைத்துத் தெரியும். விரல் சூட்டில் கண்ணாடி அவ்வளவு வீங்குகிறது. கொஞ்ச நேரத்தில் அதுவாகவே அமுங்கும். இதைப் பார்த்தவர்கள் வெயிலில் கிடந்த டெலஸ்கோப்பை உடனே தூக்கி வைத்துப் படம் சரியில்லை என்று சொல்ல மாட்டார்கள்.

இன்னொன்று, எந்த வெளிநாட்டுக் கையேடும் நம் சித்திரை வெயிலுக்குப் பிட்ச் பதம் சொல்வதில்லை. மதியம் தேய்த்தால் பிட்ச் இளகி வழிகிறது. விடிகாலை நாலு மணிக்குத் தேய்த்தேன். வீட்டில் என்ன சொன்னார்கள் என்பதை இங்கே எழுத முடியாது.

15 ஜனவரி

டாப்சோன் என்பது கம்பெனி பெயரா என்று கேட்ட நண்பருக்கு: ஆள் பெயர். ஜான் டாப்சன், 1915இல் பெய்ஜிங்கில் பிறந்தவர், சான்பிரான்சிஸ்கோ வேதாந்தச் சங்கத்தில் துறவியாக இருந்தவர். மடத்தில் இருந்தபடியே கப்பல் ஜன்னல் கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்தார். 1967இல் மடத்தை விட்டு வெளியேற வேண்டி வந்தது. பிறகு நடைபாதையில் டெலஸ்கோப்பை வைத்துப் போகிற வருகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். 2014இல் காலமானார். எந்தக் கம்பெனி வேண்டுமானாலும் "டாப்சோனியன்" விற்கலாம். கீழே பலகைப் பெட்டி, மேலே குழாய், அவ்வளவுதான்.

30 ஜனவரி

நேற்றுத் தை அமாவாசை. பாபநாசம் பக்கம் போகவே முடியாத கூட்டம், அதனால் களக்காட்டுக்குக் கிழக்கே நண்பரின் வாழைத் தோட்டத்துக்குப் போனோம். 6 அங்குல டாப், 127 மாக், 80 ஈடி மூன்றும் ஒரே இடத்தில், ஒரே வானத்தில்.

வியாழன் எட்டரை மணிக்கு 77 டிகிரி உயரத்தில் நின்றது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் வாசிக்கும் டெலஸ்கோப் விமரிசனங்கள் பெரும்பாலும் 40, 50 டிகிரி வடக்கில் உட்கார்ந்து எழுதியவை. 2019, 2020இல் வியாழனும் சனியும் தெற்கே தனுசுப் பக்கம் கிடந்தபோது லண்டன்காரருக்கு வியாழன் 16 டிகிரிக்கு மேல் ஏறவில்லை. கூரை மேல் கொதிக்கிற காற்று வழியாகப் பார்த்துவிட்டு "கிரகத்துக்கு இந்த மாடல் சுமார்" என்று எழுதினார். அதே வியாழன் நமக்கு 59 டிகிரியில். திருநெல்வேலி 8.7 டிகிரி வடக்கு. கிரகங்கள் நமக்கு எப்போதும் உச்சிக்குப் பக்கமாகத்தான் போகும். நல்ல ஆடி இங்கேதான் தன் வேலையைக் காட்டும்.

80 ஈடியில் படம் பளிங்கு போல, ஆனால் 150 மடங்குக்கு மேல் மங்கிவிட்டது. டாப்பில் பட்டைகளின் ஓரத்தில் சிறு கொக்கிகள்கூடப் பிடிபட்டன. மாக் இரண்டுக்கும் நடுவில். ஆனால் அதை ஏ.சி. காரிலிருந்து நேரே இறக்கினார்கள், முன் கண்ணாடி முழுக்கப் பனி. அது தெளிந்து வெளிக்காற்றின் சூட்டுக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அடுத்த தடவை வருகிற வழியில் கார் ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

செவ்வாய்க் கிரகம் 16ஆம் தேதிதான் சூரியனுக்கு நேரெதிரே வந்தது. இந்தச் சுற்றில் வட்டு சிறியதுதான், 15 விகலைகூட இல்லை. வட துருவத் தொப்பி மூன்றிலும் தெரிந்தது. கரும்பகுதிகள் டாப்பில் மட்டும் உறுதியாகத் தெரிந்தன.

ரைஜலின் துணை நட்சத்திரம் மூன்றிலும் சுலபம். பிறகு எல்லோரும் சிரியஸின் துணைக்குப் போட்டி போட்டோம். இப்போது அது நன்றாக விலகியிருக்கிற காலம், சுமார் 11 விகலை. ஆனால் சிரியஸின் வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கிறது. டாப்பில் சின்ன ஆடியைத் தாங்கும் ஸ்பைடர் தகடுகளால் வரும் நாலு கதிர்களும் சேர்ந்து தொந்தரவு செய்தன. மாக்கில் பார்த்ததாக இருவர் சொன்னார்கள். நான் பார்த்தேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

அகத்திய நட்சத்திரம் தெற்கே 28 டிகிரியில். பொதிகை மலைக்கு இந்தப் பக்கம் நின்று அதைப் பார்ப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கத்தான் செய்கிறது. விடியுமுன் ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கொத்து 34 டிகிரியில் ஏறி நின்றது. இந்த ஒன்றில் போட்டியே இல்லை. ஈடியில் பஞ்சு உருண்டை, மாக்கில் ஓரம் மணல் மணலாக, டாப்பில் நடு வரைக்கும் பொடிப் பொடியாக. ஐரோப்பாவில் பெரும்பாலோருக்கு இது அடிவானத்துக்கு மேலேயே வராது.

31 ஜனவரி

மாக் வைத்திருப்பவர் கோபித்துக்கொண்டார். சரி, உங்கள் குழாயின் உண்மையான துளையை நீங்களே அளந்து பாருங்கள். குவியத்தைத் தூரத்துக்குச் சரி செய்துவிட்டு, இருட்டறையில் ஐபீஸ் பக்கமிருந்து டார்ச் அடித்து, முன்பக்கம் சுவரில் விழும் வட்டத்தை ஸ்கேலால் அளக்க வேண்டும். 127 என்று எழுதிய பல மாக்குகளில் 118, 120தான் வரும். உள்ளே உள்ள முதன்மை ஆடி முன் கண்ணாடியைவிடப் பெரிதாக இருந்தால்தான் முழுத் துளையும் கிடைக்கும், மலிவுப் பதிப்புகளில் அப்படி வைப்பதில்லை. திருட்டு என்று சொல்ல மாட்டேன், மாக் நல்ல கருவிதான். 118 மி.மீ. என்று நினைத்து விலை பேசுங்கள்.

3 பிப்ரவரி

கோவில்பட்டி நண்பர் நல்ல இடத்தில் பிடித்தார்: "கிரகம் உச்சியில் நிற்கும் என்று நீங்களே சொல்கிறீர்கள். டாப்சோனியன் உச்சியில்தான் முரண்டு பிடிக்கும். அப்புறம் அதை எப்படிச் சிபாரிசு செய்கிறீர்கள்?"

உண்மை. நேர் மேலே பார்க்கும்போது பக்கவாட்டில் திருப்ப வேண்டியது மிக அதிகம், பெட்டியைச் சுற்றிச் சுற்றி வர வேண்டியிருக்கும். மாக்கிலும் ரிஃப்ராக்டரிலும் டயகனல் (பார்வையைத் திருப்பும் சாய்ந்த ஆடி) இருப்பதால் குனிந்து சுகமாகப் பார்க்கலாம். ஆகவே ஜனவரி 7ஆம் தேதி சொன்னதைக் கொஞ்சம் தளர்த்துகிறேன்: இடுப்பு வலி உள்ளவருக்கு, கிரகம் மட்டுமே பார்ப்பவருக்கு, பெட்டி வைக்க இடமில்லாத வீட்டுக்கு மாக். எட்டாம் வகுப்புப் பையனுக்கு இடுப்பு வலி கிடையாது. கிரகம் உச்சியில் சிக்கினால் ஒரு மணி நேரம் கழித்துப் பார்க்கட்டும், அதற்குள் 15 டிகிரி இறங்கிவிடும்.

4 பிப்ரவரி

70 மி.மீ. துளை, 700 குவியம் உள்ள சாதா ரிஃப்ராக்டரை யாரும் பேசவில்லையே என்று ஒருவர். பேச வேண்டியதுதான். குவிய விகிதத்தை (குவியத்தைத் துளையால் வகுத்தால் வருவது) அங்குலத் துளையால் வகுத்து 3க்கு மேல் வந்தால் ஊதா ஒளிவட்டம் தொந்தரவு செய்யாது என்பது பழைய கணக்கு. இதற்கு 3.6 வருகிறது. 102 மி.மீ. துளை, 500 குவியத்துக்கு 1.22தான், நிலாவுக்கே ஊதா விளிம்பு. கையில் காசு குறைவு என்றால் முதல் டெலஸ்கோப்புக்கு அந்த 70 மோசமில்லை. கூடவே தருகிற முக்காலி மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும்.

16 பிப்ரவரி

பூஞ்சை. நெல்லைக்காரர்கள் ஆப்டிக்ஸ் பேசும்போது எல்லாவற்றுக்கும் முன்னால் பேச வேண்டியது இது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் டெலஸ்கோப்பைத் துணிப் பையில் சுற்றி மூலையில் வைத்துவிட்டுத் தையில் எடுத்தால், ஐபீஸ் உள்ளே சிலந்தி நூல் போல வெள்ளைக் கிளைகள். வெளி லென்ஸ் என்றால் துடைக்கலாம், உள்ளே போய்விட்டால் லென்ஸ் மேல் உள்ள பூச்சையே தின்றுவிடும். ஃபுளோரைட்டானாலும் சரி, பிளாஸ்டிக்கானாலும் சரி, அதற்கு எல்லாம் ஒன்று. பழைய போட்டோ ஸ்டுடியோக்காரர்கள் செய்ததைச் செய்யுங்கள்: பீரோவுக்குள் ஒரு ஜீரோ வாட் பல்பு, அதாவது பழைய சூடாகிற ரகம், எல்.இ.டி. அல்ல. அது முடியாவிட்டால் காற்றுப் புகாத டப்பாவும் சிலிகா ஜெல்லும். ஜெல் நிறம் மாறினால் வாணலியில் வறுத்துத் திரும்பப் போடலாம், சமையல் வாணலியில் வேண்டாம்.

உவரி, கூடங்குளம் பக்கம் கடலோரத்தில் இருப்பவர்களுக்குக் கூடுதலாக உப்பு. அலுமினியப் பூச்சில் புள்ளி புள்ளியாக விழும். புதுப் பூச்சு 88 சதவீதம் வெளிச்சத்தைத் திருப்பும். நியூட்டோனியனில் இரண்டு ஆடி, ஆக 77 சதவீதம். அது தேய்ந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆடியைக் கழுவுவது என்றால் காய்ச்சி வடித்த நீர், ஒரு துளி சோப்பு, பஞ்சைத் தன் எடையிலேயே இழுக்க விட வேண்டும். வேட்டித் துணியால் துடைத்த ஒருவரை எனக்குத் தெரியும். பேரைச் சொன்னால் அடிக்க வருவார்.

2 மார்ச்

"எந்தக் கம்பெனி?" என்று கேட்டு இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. பெயர்ப் பலகையைத் தாண்டிப் பாருங்கள். ஸ்கை-வாட்சர் சிந்தா என்ற கம்பெனியுடையது. 1970இல் 8 அங்குல ஆரஞ்சுக் குழாயால் அமெரிக்காவைக் கலக்கிய செலஸ்ட்ரானையும் 2005இல் சிந்தா வாங்கிவிட்டது. மீட் கம்பெனியை 2013இல் சீனத்து நிங்போ சன்னி வாங்கியது, 2021இல் அது ஓரியன் கம்பெனி கைக்குப் போனது, 2024இல் ஓரியனே கடையைச் சாத்தியது. தைவானின் ஜி.எஸ்.ஓ. கம்பெனி செய்யும் ஆடிகள் பல நாட்டில் பல பெயரில் விற்கின்றன. ஆக, இரண்டு பிராண்டுக்காக இணையத்தில் மல்லுக்கட்டுகிறவர்கள் சில சமயம் ஒரே முதலாளிக்காகத்தான் சண்டை போடுகிறார்கள்.

நம்மால் முடியாது என்று நினைக்கவும் வேண்டாம். காவலூரில் 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் வைணு பாப்பு டெலஸ்கோப்பின் ஆடி பெங்களூரில் தேய்த்தது.

எந்தப் பெயரானாலும் வாங்கியதும் நட்சத்திரச் சோதனை செய்யுங்கள். நடுத்தரப் பிரகாசமுள்ள நட்சத்திரத்தை நடுவில் வைத்து, குவியத்துக்கு உள்ளே கொஞ்சம், வெளியே கொஞ்சம் தள்ளிப் பாருங்கள். இரண்டு பக்கமும் வளையங்கள் ஒரே மாதிரி இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். முக்கோணமாகத் தெரிந்தால் பதற வேண்டாம். ஆடியைப் பிடிக்கும் மூன்று கிளிப்பும் இறுகியிருக்கும். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்குத் தளர்த்தினால் போதும். தொழிற்சாலையில் லாரிக் குலுக்கலுக்குப் பயந்து இறுக்கி அனுப்புகிறார்கள்.

23 மார்ச்

ஈக்குவடோரியல் மவுண்ட், அதாவது வானம் சுழல்வதைத் தொடர்ந்து திருப்ப அச்சைத் துருவ நட்சத்திரப் பக்கம் சாய்த்து வைக்கும் தாங்கி பற்றிப் பாளையங்கோட்டை மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார். அம்மா, நம் ஊரில் துருவ நட்சத்திரம் 8.7 டிகிரியில் கிடக்கிறது. வடக்கே பார்த்தால் அது மாமரத்துக்குப் பின்னால் இருக்கும், இல்லாவிட்டால் கயத்தாறு காற்றாலை விளக்குகளோடு கலந்திருக்கும். அதோடு பல மவுண்ட்களில் அட்சரேகைத் திருகு 15, 20 டிகிரிக்குக் கீழே இறங்காது. இறக்கினாலும் எதிர் எடைக் கம்பி முக்காலிக் காலில் முட்டும். படம் எடுக்கப் போவதில்லை என்றால் அதற்குப் போகும் காசை ஆடிக்குப் போடுங்கள். படம்தான் எடுக்க வேண்டும் என்றால், எத்தனை டிகிரி வரை இறங்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

டாப்சோனியனின் பலவீனமும் மவுண்ட்தான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம் பக்கத்து நண்பரின் 8 அங்குல டாப் முழுகியது. பார்ட்டிக்கிள் போர்டு பெட்டி ரொட்டி மாதிரி ஊறி உதிர்ந்தது என்று அவரே சொன்னார். ஆடியைச் சேற்றிலிருந்து எடுத்து, நான் மேலே சொன்ன மாதிரி பலமுறை கழுவினோம். ஓரத்தில் பூச்சு கொஞ்சம் போனதோடு சரி, சனி இன்றைக்கும் அதில் சனியாகவே தெரிகிறது. ஊர் ஆசாரி பிளைவுட்டில் புதுப் பெட்டி செய்து கொடுத்தார். சன்மைக்கா மேல் டெஃப்லான் துண்டு வைத்ததில் கம்பெனிப் பெட்டியைவிட வழுக்கலாக ஓடுகிறது. "இது என்ன பீரங்கியா?" என்று மட்டும் கேட்டார்.

ஆனி, ஆடியில் மட்டும் எந்தப் பெட்டியும் நிற்காது. செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் காற்று ஒரு பக்கம், மிக உயரத்தில் கிழக்கிலிருந்து ஓடும் மழைக்கால வேகக்காற்று ஒரு பக்கம். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும், டாப்சோனியன் எம்மாத்திரம்? அந்த மாதங்களில் ஆடியைக் கழற்றிப் பூச்சு பார்க்கலாம்.

20 ஏப்ரல்

வள்ளியூர்க்காரர் 6 அங்குல டாப் வாங்கிவிட்டார். முதல் நாள் நட்சத்திரம் முக்கோணமாகத்தான் இருந்ததாம், கிளிப்பைத் தளர்த்தச் சரியானது. பையன் கன்னி ராசியில் உள்ள பொரிமா நட்சத்திரத்தை இரண்டாகப் பிரித்துப் பார்த்தானாம், இடைவெளி மூன்றரை விகலைக்குப் பக்கம். ஒமேகா சென்டாரியைக் காட்டியபோது அவன் ஆச்சி, "இதுல எத்தன இருக்கும்?" என்று கேட்டிருக்கிறார். பல லட்சம் என்று சொல்லுங்கள், தப்பில்லை.

இப்போது மூன்று மடங்கு பார்லோ (உருப்பெருக்கத்தைக் கூட்டும் லென்ஸ்) வாங்கலாமா என்று கேட்கிறார். வேண்டாம். 10 மி.மீ. ஐபீஸில் ஏற்கெனவே 120 மடங்கு. இரண்டு மடங்கு பார்லோ 240க்குக் கொண்டுபோகும், இந்தத் துளைக்கு அதற்கு மேல் வெறும் மங்கல்தான். மிச்சக் காசில் சிலிகா ஜெல்லும் கொலிமேஷன் மூடியும் வாங்குங்கள். 2025 செப்டம்பர் 7 இரவு முழுச் சந்திர கிரகணம் வருகிறது, 11 மணியிலிருந்து 12.22 வரை நிலா முழுக்கச் சிவந்திருக்கும். அதற்கு 25 மி.மீ. ஐபீஸே போதும், நிலா முழுசாக அடங்கும்.